பிபிஎம்

'பார்ட்ஸ் பெர் மில்லியன்' என்பதன் முதலெழுத்துகள். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள். மில்லியன் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. 'பெரிய ஆயிரம்' என்பது அதன் மூல அர்த்தம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் ஆயிரத்துக்கு 'மில்' என்ற சொல் பழையவர்களுக்குப் புதிதல்ல. நம் பழங்கணக்கிலும் இவ்வளவு நுண்ணிய அளவு உண்டு: முந்திரி 1/320, அதில் 320இல் ஒன்று கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. கிட்டத்தட்ட 10 பிபிஎம்!

தண்ணீருக்குக் கணக்கு எளிது. ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 1 பிபிஎம். மண்டபத்தூர் போன்ற கடலோர ஊரில் இதன் பயன் உடனே தெரியும். கடல்நீரில் உப்பு சுமார் 35,000 பிபிஎம். நல்ல தண்ணீர்க் கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 350 கூடிவிடும். இரண்டு பங்கு என்றால் 700. குடிநீரில் கரைந்த மொத்தத் திடப்பொருளுக்கு (டிடிஎஸ்) இந்தியத் தரநிலை ஏற்கும் அளவோ 500தான் (வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை).

கடைகளில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, ஒரு மதிப்பால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. எந்த உப்பு என்பது அதற்குத் தெரியாது. கடல்நீர் கனமானது என்பதால் அங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதும் பிபிஎம்மும் சரிசமமாக வராது. காற்றில் பிபிஎம் என்பது எடைப் பங்கே அல்ல, கன அளவுப் பங்கு.