/யூஎஸ்ஆர்: வட்டில் இடமில்லாத காலத்துப் பெயர்

லினக்ஸ் பழகுகிற யாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். கட்டளைகளை வைக்க /பின் என்றொரு அடைவு இருக்கும்போது, /யூஎஸ்ஆர்/பின் என்று இன்னொன்று எதற்கு? ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்பதன் சுருக்கமே யூஎஸ்ஆர் என்று வகுப்பில் சொல்லித்தருபவர்கள் உண்டு. அது பின்னாளில் ஒட்டவைத்த விளக்கம். பெயர் ‘யூசர்’தான், ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.

நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ். டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்ப்சனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 இயந்திரத்தின் சொத்துக் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். நினைவகம் 144 கிலோபைட். வேகமான நிலைத்தலை வட்டு ஒன்று, 1 மெகாபைட். கழற்றி மாட்டும் வட்டுகள் நான்கு, தலா 2.5 மெகாபைட். 40 மெகாபைட்டில் பெரியது ஒன்று. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்தச் சின்ன வட்டு போதாது. மூல அடைவு இருந்தது அந்தச் சின்ன வட்டில்தான். நினைவகத்தில் இடம் போதாதபோது நிரல்களை இறக்கிவைத்ததும் அதிலேதான். பயனர்களின் கோப்புகள் வேறு வட்டில் இருந்தன. இயந்திரம் எழுந்தபின் அது /யூஎஸ்ஆர் என்ற இடத்தில் இணைக்கப்படும்.

கட்டளைகள் பெருகின, அவை பயனர்களின் வட்டுக்கும் வழிந்தன. /யூஎஸ்ஆர்/பின் வந்தது இப்படித்தான். கூடவே ஒரு கட்டாயமும் வந்தது. இரண்டாவது வட்டை இணைக்கும் ‘மவுண்ட்’ கட்டளை முதல் வட்டில்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

1980களில் வட்டே இல்லாத பணிநிலையங்கள் பல ஒரே /யூஎஸ்ஆரை வலையமைப்பில் பகிர்ந்துகொண்டபோது, இந்தப் பிரிவுக்கு உண்மையிலேயே ஒரு பயன் கிடைத்தது. மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகள் /வார் அடைவுக்குப் போயின. 1994இல் லினக்ஸ்காரர்கள் இதையெல்லாம் தரவரைவாக எழுதிவைத்தார்கள். எழுத்தில் ஏறியதும் இடநெருக்கடி தத்துவமாகிவிட்டது. எந்தக் கட்டளை எந்தப் பக்கம் என்ற வாதத்தில் எத்தனை பேரின் எத்தனை மாலைகள் போயினவோ! வாடிக்கையாளருக்கு வட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது நான் இன்றும் /வாரைத் தனியே வைப்பேன். பதிவுக் கோப்புகள் பெருத்து மூல வட்டை நிரப்பிவிடக் கூடாது. /யூஎஸ்ஆரைத் தனியே வைக்க அப்படியொரு காரணம் இப்போது இல்லை.

சோலாரிஸ் முன்னரே /பின்னை வெறும் சுட்டியாக்கிவிட்டது. ஃபெடோரா 2012இல் இரண்டையும் இணைத்தது. டெபியன், பல ஆண்டுச் சச்சரவுக்குப் பின், 2023இன் 12ஆம் பதிப்பில் இணைப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதே பெல் ஆய்வுக்கூடத்தார் பின்னாளில் பிளான் 9 என்ற புது அமைப்பைக் கட்டியபோது கட்டளைகளுக்கு ஒரே /பின்தான் வைத்தார்கள். /யூஎஸ்ஆரில் மறுபடி பயனர்களே குடியிருந்தார்கள்.