அகராதியும் இலத்தீனும் பினாங்கும்



இலத்தீன் என்று சொன்னதும், "நமக்கும் அந்த மொழிக்கும் என்ன உறவு?" என்று நீங்கள் கேட்கலாம். இன்று எந்த நாட்டு மக்களும் அதைத் தாய்மொழியாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த மொழி நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. காலை ஆறு மணியை 'ஏ.எம்.' என்றும் மாலை ஆறு மணியை 'பி.எம்.' என்றும் எழுதுகிறோம். 'அன்டே மெரிடியெம்', 'போஸ்ட் மெரிடியெம்' என்னும் இலத்தீன் தொடர்களின் சுருக்கங்கள் அவை. நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்பது பொருள். மருந்துச் சீட்டில் 'டி.டி.எஸ்.' என்று எழுதியிருந்தால், நாளைக்கு மூன்று முறை உட்கொள்ளவேண்டும் என்று பொருள். அதுவும் இலத்தீனே. நிர்வாகத்திடமிருந்து வரும் கடிதத்திலும், தொழிற்சங்க ஒப்பந்தத்திலும், நீதிமன்ற அறிவிப்பிலும் இத்தகைய சொற்கள் இடையிடையே வருகின்றன. அவற்றின் பொருள் தெரியாமல் கையெழுத்திடுவது, ஆழம் தெரியாமல் ஆற்றில் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

இந்தச் சொற்கள் நம்மிடம் வந்த வரலாற்றையும், அகராதியின் துணையால் அவற்றை நாமே அறிந்துகொள்ளும் வழியையும் இன்று பார்ப்போம். இரண்டுக்கும் பினாங்கே நல்ல சான்று.

உழவர் பேசிய மொழி

இலத்தீன் முதலில் அரசர் மொழியாகவோ அறிஞர் மொழியாகவோ பிறக்கவில்லை. இத்தாலியில் இலாத்தியம் என்ற சமவெளியில் ஆடுமாடு மேய்த்தவர்களும் நிலம் உழுதவர்களும் பேசிய மொழி அது. அதன் சொற்களில் இன்றும் மண் வாசனை இருக்கிறது. ஆங்கிலத்தில் பண்பாட்டைக் குறிக்கும் 'கல்ச்சர்' என்ற சொல், நிலத்தைப் பயிரிடுதல் என்னும் பொருளுள்ள 'குல்தூரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனத்தின் செம்மையைப் பண்பாடு என்கிறோம். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே எண்ணத்தை எட்டியிருக்கின்றன.

ரோமாபுரி பேரரசாக வளர்ந்தபோது இலத்தீனும் அதனோடு பரவியது. மேற்கு ரோமானியப் பேரரசு 476இல் வீழ்ந்தது. ஆயினும் திருச்சபையிலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் தாவரவியலிலும் அதன் மொழி நிலைத்து நின்றது. பிற்காலத்தில் ஐரோப்பியர் கீழ்த்திசை நாடுகளுக்குக் கப்பலேறி வந்தபோது அதையும் உடன் கொண்டுவந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பினாங்குக்கு

பினாங்கு வரலாற்றில் இலத்தீனுக்கு ஒரு தனி இடம் உண்டு. கத்தோலிக்கக் குருமாணவர்களுக்காகப் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் 1665இல் சயாம் நாட்டின் அயுத்தியா நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். அதன் பெயர் காலேஜ் ஜெனரல். 1767இல் பர்மியப் படைகள் அயுத்தியாவை அழித்தன. கல்லூரி சில காலம் இந்தோசீனக் கரையில் இருந்துவிட்டு, 1770ஆம் ஆண்டளவில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்துக்கு வந்தது.

வீராம்பட்டினத்தை ஒட்டியே அரிக்கமேடு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியரோடு வாணிகம் செய்த தமிழர் துறை அது. அங்கு நடந்த அகழாய்வுகளில் ரோமானிய மட்கலங்கள் கிடைத்துள்ளன. இலத்தீன் பேசிய நாட்டின் சரக்கு இறங்கிய அதே கரையில், பல நூற்றாண்டுகள் கழித்து இலத்தீன் பாடம் ஒலித்தது! கல்லூரியை நடத்திய பிஞ்ஞோ தெ பெஏன் என்ற பிரெஞ்சுக் குரு, 1773ஆம் ஆண்டளவில் வியட்நாமிய–இலத்தீன் அகராதி ஒன்றை அந்தப் பகுதியிலிருந்தே தொகுத்து முடித்தார். அந்தக் கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டு, தாபெர் என்ற ஆயர் விரித்து எழுதிய அகராதி 1838இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சாயிற்று.

வீராம்பட்டினத்தில் அந்தக் கல்லூரி நீடிக்கவில்லை. 1808இல் அது பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது. புலாவ் தீக்கூஸ் வட்டாரத்தில் நெடுங்காலம் நடந்து, பின்னர் தஞ்சோங் பூங்காவுக்கு இடம் மாறியது. சீனத்திலிருந்து ஒரு மாணவர் வருவார், வியட்நாமிலிருந்து மற்றொருவர், சயாமிலிருந்து இன்னொருவர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அவர்கள் அனைவரையும் ஒரே வகுப்பில் அமர்த்திய மொழி இலத்தீன். பாடமும் அதிலேதான், உரையாடலும் அதிலேதான். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடம் தந்தது. அதற்குப் பிறகே திருச்சபையில் இலத்தீனின் ஆட்சி தளர்ந்தது.

பினாங்குக் கல்லூரியில் 1850களில் பயின்றவர் துருவோங் வின் கீ என்ற வியட்நாமியர். இளமையிலேயே தந்தையை இழந்தவர் அவர். இலத்தீன் என்ற ஒரு சாவியைப் பெற்றுப் பல மொழிகளின் கதவுகளைத் திறந்தார். பின்னாளில் தம் மக்களுக்காக இலக்கண நூல்களும் அகராதிகளும் எழுதினார். வியட்நாமிய மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறை நாட்டில் பரவ உழைத்தவர்களில் அவர் முன்னோடி.

தமிழுக்கும் இலத்தீனுக்கும் பாலம்

அகராதிப் பணியில் தமிழும் பின்தங்கவில்லை. சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதி, 1716இல் செர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ்–இலத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1732இல் அவர் முடித்த சதுரகராதியை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்கு முன் சொற்பொருள் அறிய விரும்பியவர்கள், செய்யுளாக இருந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. சதுரகராதியோ சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. மனப்பாடம் செய்தவனுக்கு மட்டுமே கிடைத்த பொருள், எழுத்தறிந்த எவனுக்கும் கிடைத்தது. அகராதியின் பெருமை இதுதான். 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்றும் புதுச்சேரியில் அச்சாயிற்று.

அகராதியைப் பார்ப்பது எப்படி?

இலத்தீன் சொற்களை அகராதியில் தேடுபவர்கள் பலர், "இல்லை" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். காரணம் எளிது. தமிழ் அகராதியில் 'வந்தான்' என்று தேடினால் கிடைக்குமா? 'வா' என்ற இடத்தில் தேடவேண்டும். 'மரத்தை' என்பதற்கு 'மரம்' என்ற இடத்தில் தேடவேண்டும். இலத்தீனும் அப்படியே. அங்கும் வேற்றுமை உண்டு, விகுதி மாறும். வேற்றுமை உருபு படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதன்று.

ஜார்ஜ் டவுனிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1852இல் தொடங்கப்பட்ட செயின்ட் சேவியர் பள்ளியின் விருதுவாக்கு, 'லாபோர் ஓம்னியா வின்சிட்'. 'லாபோர்' என்பது அப்படியே கிடைக்கும். உழைப்பு என்று பொருள். 'லேபர் ஆபீஸ்' என்று நாம் சொல்கிறோமே, அந்த லேபர் இதுதான். 'ஓம்னியா' கிடைக்காது, 'ஓம்னிஸ்' என்று பார்க்கவேண்டும், எல்லாம் என்று பொருள். 'வின்சிட்' கிடைக்காது, 'வின்கோ' என்று பார்க்கவேண்டும். 'நான் வெல்கிறேன்' என்ற வடிவத்தையே இலத்தீன் அகராதிகள் வினைக்குத் தலைச்சொல்லாக வைக்கின்றன. மூன்றையும் சேர்த்தால், 'உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும்' என்றாகிறது. உழைத்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் வேறென்ன வேண்டும்?

1816 அக்டோபர் 21இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ பள்ளியின் விருதுவாக்கு, 'ஃபோர்ட்டிஸ் அட்குவே ஃபிடேலிஸ்'. 'வலிமையும் வாய்மை தவறாத பற்றும்' என்று அதைத் தமிழாக்கலாம். மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றையும் அந்தப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்தே நாம் எண்ணுகிறோம். 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது அதனால்தான்.

தனி இலத்தீன் அகராதி கையில் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். நல்ல ஆங்கில அகராதிகள் பலவற்றில் வழக்கிலுள்ள இலத்தீன் தொடர்கள் சொல்வரிசையிலேயே இருக்கும். சிலவற்றில் பின்பகுதியில் அயன்மொழித் தொடர்கள் என்ற தனிப்பட்டியல் உண்டு. தொடரின் முதற்சொல்லை வைத்துத் தேடுங்கள்.

செடிகொடிகளின் பெயர்களிலும் இதைச் செய்து பார்க்கலாம். ரப்பர் மரத்தின் தாவரவியல் பெயர் 'ஹெவியா பிரசிலியென்சிஸ்'. 'என்சிஸ்' என்று முடிந்தால், அந்த ஊரைச் சேர்ந்தது என்று பொருள். ஆகவே பிரேசில் நாட்டு மரம். செம்பனை 'எலேயிஸ் கினியென்சிஸ்'. மேற்கு ஆப்பிரிக்கக் கினியைச் சேர்ந்தது. தென்னை 'கோக்கோஸ் நூசிஃபெரா'. 'நூசிஃபெரா' என்றால் கொட்டை தாங்குவது. பாக்கு மரத்தின் பெயர் 'அரேக்கா கட்டேச்சு'. பினாங்கு என்ற ஊர்ப்பெயரே மலாய் மொழியில் பாக்கைக் குறிப்பது. 'அரேக்கா' என்ற சொல் எங்கிருந்து போயிற்று தெரியுமா? தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'அடைக்காய்' போர்த்துகீசியர் நாவில் உருமாறி இலத்தீன் ஏட்டில் ஏறியது. நாம் அந்நியம் என்று ஒதுங்கி நிற்கும் மொழிக்குள் நம் வீட்டு வெற்றிலைத் தட்டுப் பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது!

உரிமையா, தயவா?

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒரு தோட்டம் விற்கப்படும்போதோ ஆட்குறைப்பு நடக்கும்போதோ தொழிலாளருக்கு வரும் கடிதத்தில் 'எக்ஸ் கிரேஷியா' என்ற தொடர் சில வேளைகளில் இருக்கும். அகராதியைப் பாருங்கள். 'எக்ஸ்' என்றால் 'இருந்து'. 'கிராத்தியா' என்றால் தயவு, அருள், நன்றி. 'தயவின் பேரில்' என்பது தொடரின் பொருள். கொடுக்கவேண்டிய சட்டக் கடமை தமக்கு இல்லை, மனமுவந்து கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் சொல்கிறார். அப்படிக் கொடுப்பது தவறன்று. ஆனால் அது வேறு, சட்டப்படி வரவேண்டிய தொகை வேறு.

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு நலன் விதிமுறைகள் உள்ளன. அவற்றின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவர் ஆட்குறைப்பால் வேலை இழந்தால் அவருக்குத் தொகை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் ஆகிறது. இது தயவன்று, உரிமை. ஆகவே 'எக்ஸ் கிரேஷியா' என்று கண்டால், "இது சட்டத் தொகைக்கு மேலாகத் தருவதா, சட்டத் தொகையையே வேறு பெயரில் தருவதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எழுப்பும் துணிவை அகராதியின் ஒரு வரி நமக்குத் தருகிறது.

'புரோ ராட்டா' என்பது மற்றொன்று. கணக்கிட்ட விகிதப்படி என்று பொருள். ஆண்டு விடுப்பு 'புரோ ராட்டா' என்றால், ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஓராண்டு விடுப்பில் பாதி. 'சைனி டை' என்றால் நாள் குறிக்காமல். பேச்சுவார்த்தை 'சைனி டை' ஒத்திவைக்கப்பட்டது என்றால், மீண்டும் எப்போது கூடும் என்று யாரும் சொல்லவில்லை என்று அறிக. 'ஹேபியஸ் கார்பஸ்' என்றால் 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக'. காவலில் வைத்திருப்பவரை நீதிபதி முன் கொண்டு வா என்ற ஆணையின் பெயர் அது. ஆட்கொணர்வு மனு என்று தமிழில் சொல்கிறோம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பை அளிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொல்லின் பிறப்பு வேறு, சட்டத்தில் அது பெறும் பொருள் வேறு. 'கிராஜுவிட்டி' என்ற பணிக்கொடையும் தயவைக் குறிக்கும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல்தான். ஆயினும் கூட்டு ஒப்பந்தத்தில் அதை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், அது உரிமையாகிவிடுகிறது. அகராதி சொல்லின் வாசல்வரை நம்மை அழைத்துச் செல்லும். உள்ளே இருப்பதை அறிய, ஒப்பந்தத்தை முழுதும் படிக்கவேண்டும். தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ விளக்கம் கேட்கவேண்டும். மருந்துச் சீட்டு என்றால் மருந்தாளரிடம் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும்போது, வீட்டுக்கு ஒரு நல்ல அகராதியும் வாங்குங்கள். வாங்க இயலாவிட்டால் பள்ளி நூலகமும் பொது நூலகமும் இருக்கின்றன. நோக்கு நூல் பகுதியில் அகராதி இருக்கும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாதே தவிர, அங்கேயே அமர்ந்து படிக்கலாம். வீட்டுக்கு வரும் கடிதத்தில் புரியாத சொல் இருந்தால், "பெரிய விஷயம், உனக்கெதற்கு?" என்று பிள்ளையை விலக்காமல், "அகராதியைப் பார்த்துச் சொல், கண்ணு" என்று கொடுங்கள். பிள்ளை அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். ஓராண்டில் அந்தக் குறிப்பேடே குடும்பத்தின் சிறு அகராதியாகிவிடும்.

தந்தையை இழந்த ஒரு வியட்நாமியச் சிறுவன் பினாங்குக்கு வந்து மொழிச் சாவியைப் பெற்றான். தன் நாட்டுக்கே விளக்கேற்றினான். நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சாவி எட்டாத உயரத்தில் இல்லை. அகரம் அறிந்தவருக்கு அகராதி திறக்கும். அகராதி திறந்தவரைச் சொல்லால் மிரட்ட எவராலும் முடியாது.