சிங்கக் கூட்டும் திருகோணமலைத் துறைமுகமும்

காட்டரசன் என்று கதைகளிலே போற்றப்படும் சிங்கம் தனித்திருந்து அரசாளும் விலங்கு அன்று. ஆபிரிக்கப் புல்வெளிகளிலே ஆண் சிங்கக்குட்டி இரண்டு மூன்று வயதளவில் தான் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகின்றது. பெண் சிங்கங்கள் உள்ள நிலம் ஒவ்வொன்றிலும் முன்னரே வேறு ஆண் சிங்கங்கள் காவல் செய்கின்றன. அவற்றின் முழக்கம் எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலும் கேட்கும். ஆதலால் வெளியேறிய இளஞ்சிங்கம் நாடோடியாய்த் திரிந்து துணை தேடுகின்றது. உடன்பிறந்தோர் உளராயின் அவர்களே துணை. இல்லையேல் வழியிலே கண்ட மற்றொரு தனியனும் துணையாகும். இருவரும் மூவருமாய்க் கூடி, முதுமையினாலோ காயத்தினாலோ தளர்ந்த காவலரைத் தாக்கித் துரத்தி அந்நிலத்தைக் கைக்கொள்கின்றனர். பழைய காவலரின் குட்டிகள் அப்போது பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. புதியவரின் ஆட்சியும் நெடிதன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவரினும் வலிய கூட்டு ஒன்று எல்லையிலே வந்து முழங்கும்.

தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் ஜோர்ஜ் ஷாலர் என்னும் அறிஞர் 1966 முதல் 1969 வரை சிங்கங்களை ஆராய்ந்தார். அவருக்குப் பின் அங்கே ஆய்ந்தோர் கண்ட உண்மை ஒன்று கருதத்தக்கது. நான்கும் அதற்கு மேலும் ஆண்கள் சேர்ந்த கூட்டு எதுவாயினும் அது உறவினர் கூட்டேயாம். இருவர் மூவர் சேர்ந்த சிறு கூட்டுகளிலேதான் அன்னியர் இடம்பெறுகின்றனர். கூட்டுப் பெருகப் பெருகச் சிலர்க்குப் பங்கே கிட்டாது போகும். பங்கில்லாத இடத்திலே உறவினன் நிற்பான், அன்னியன் நில்லான். ஆசியச் சிங்கங்கள் இயற்கையாய் வாழும் ஒரே இடமான குசராத்து மாநிலத்துக் கிர்க் காடும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் இதற்கு மற்றொரு சான்று தருகின்றன. 2025 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள சிங்கங்கள் 891. அவற்றை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட கட்டுரையிலே, கூட்டாளிகள் இருவருள் வலியவனே பெடைகளோடு கூடும் வாய்ப்பில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெறுகின்றான் என்றும், இரையிலும் பெரும்பங்கு அவனதே என்றும் காட்டப்பட்டது. எனினும் மெலியவன் பிரிந்து போவதில்லை. தனித்து நிற்பின் அவனுக்கு அந்தச் சிறு பங்குதானும் உறுதியில்லை.

இலங்கைக் காடுகளிலே இன்று சிங்கம் இல்லை. இரத்தினபுரியை அடுத்த குருவிட்டையிலே கிடைத்த பழம்பற்களைக் கொண்டு, முன்னொரு காலத்தில் இங்கும் சிங்கம் வாழ்ந்ததென 1939 இல் தெரணியகல என்னும் அறிஞர் நிறுவினார். எஞ்சியுள்ளது கொடியிலே வாளேந்தி நிற்பது ஒன்றே. ஆயினும் நிலம் வேண்டிக் கூட்டுச் சேர்தலும், வென்றபின் வலிய கூட்டாளி பெரும்பங்கு கொள்ளுதலும் இந்நாட்டு வரலாறு அறியாதன அல்ல. அவற்றை அடுத்தடுத்துக் கண்ட இடம் திருகோணமலை. ஒரு வேறுபாட்டை முன்னரே சொல்லிவைத்தல் தகும்: சிங்கங்கள் உடன்படிக்கை எழுதுவதில்லை.

மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவும், அதன் வடபால் ஒடுங்கிய வாயிலுடன் உட்புகுந்து கிடக்கும் ஆழமான உட்துறையும் சேர்ந்ததே திருகோணமலைத் துறைமுகம். அதன் அருமையை உணரவேண்டின் சோழமண்டலக் கரையை நோக்குதல் வேண்டும். பழைய நாளிலே சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கப்பல் ஒதுங்கத்தக்க துறை இல்லை; கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நின்றன. ஒக்டோபர் மாதத்தில் வாடைக்காற்று எழுந்து புயல் தொடங்கியதும் அவை கரையைவிட்டு ஓடவேண்டும். எக்காற்றுக்கும் அஞ்சாது ஒரு கப்பற்படை தங்கக்கூடிய இடம் அக்கடலின் மேற்குப் புறத்திலே திருகோணமலை ஒன்றே. 1659 ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலிலே பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அதனைச் செப்பனிட இக்குடாவுக்கு வந்தமையால் அன்றோ இரொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் கண்டி மன்னன் கையிலே சிக்கி ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருக்க நேர்ந்தது!

இத்துறைக்கு உரிமை கொண்டாடிய மன்னன் மலைநாட்டிலே கண்டியில் இருந்தான். கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுகளைத் தமிழ் வன்னியர் ஆண்டு அவனுக்குத் திறை கொடுத்தனர். படைவீரர் அவனுக்கு உண்டு, காடும் மலையும் அவனுக்கு அரண், இல்லாதது கப்பல். பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசரோ கடலை ஆண்டனர். கப்பல் உடைய ஒரு கூட்டாளியைத் தேடுதல் கண்டி அரசியலின் நீங்காத கவலையாயிற்று. அவ்வாறு வந்தோருள் டேனியரும் அடங்குவர். 1620 இல் ஓவ கெட்டே என்பார் தலைமையிலே வந்த அவர்கள் செனரத் மன்னனோடு பேசிப்பார்த்தனர், பேச்சு நிலைக்கவில்லை. அதே ஆண்டு அவர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே நிலைகொண்டனர். மற்றொருவர் இவ்வாறு வந்து நுழையலாம் எனக் கண்டு விழித்துக்கொண்ட போர்த்துக்கீசர், சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு 1624 இல் கோட்டை கட்டினர். வடக்கேயும் தெற்கேயும் எத்தனையோ கோயில்கள் இடிபட்டன. எனினும் இக்கோயில் இடிபட்டதற்குச் சமயப் பகையொடு துறைமுகப் போட்டியும் காரணமாயிருந்தது என்பதை மறத்தலாகாது. இரு கூட்டுகளின் பூசலிலே முதலில் மாய்வது குட்டிகளே என்று மேலே கூறப்பட்டது.

செனரத்தின் மகன் இரண்டாம் இராசசிங்கன் கூர்த்த மதியினன். போர்த்துக்கீச மொழியிலும் வல்லவன். அவன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே மாதத்திலே வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதி மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார். சில நாட்களில் அங்கேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளிலே ஒல்லாந்தர் காவற்படை நிறுத்தலாம் என்பது அதன் ஒரு விதி. மன்னனிடம் கொடுத்த போர்த்துக்கீச மொழிப் படியிலே ‘மன்னன் விரும்பினால்’ என்ற பொருள்படும் தொடர் இருந்தது. ஒல்லாந்தர் தம்மிடம் வைத்துக்கொண்ட படியிலே அத்தொடர் இல்லை. போர்ச்செலவு முழுவதையும் மன்னன் கறுவா முதலிய பண்டங்களாகத் தீர்த்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. ஒரு தொடர் காணாமற் போனதால் ஒரு நாட்டின் கடற்கரை காணாமற் போயிற்று.

1639 மே மாதத் தொடக்கத்தில் அந்தோனியோ கான் என்னும் ஒல்லாந்தத் தளபதி திருகோணமலையைப் பிடித்தார். அடுத்து நடந்ததை ஊன்றி நோக்குதல் நன்று. ஒல்லாந்தர் திருகோணமலையை மன்னனிடம் ஒப்படைத்தனர், கோட்டை இடிக்கப்பட்டது. மட்டக்களப்பும் பின்னர் அவ்வாறே மீண்டது. இவற்றை மட்டும் பார்ப்பவர் ஒல்லாந்தரை வாக்குத் தவறாதோர் என்றே கருதுவர். ஆனால் 1640 இல் பிடிபட்ட காலியை அவர்கள் விடவில்லை, நீர்கொழும்பையும் விடவில்லை. கீழ்க்கரையிலே கறுவா விளைவதில்லை, மேல்கரையிலே விளைகின்றது, காரணம் அவ்வளவே. 1656 இல் கொழும்பு முற்றுகையிலே மன்னன் படையும் பங்குகொண்டது. மே மாதத்திலே நகரம் சரணடைந்தபோது மன்னனுடைய ஆட்கள் வாயிலுக்குள்ளே விடப்படவில்லை. கணக்குத் தீரும்வரை கோட்டைகளை ஈடாக வைத்திருப்பதாகக் கம்பனியார் கூறினர். அக்கணக்கோ தீரும் கணக்கன்று. அதனை எழுதியவரும் அவரே, கூட்டியவரும் அவரே. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி இவ்வனுபவத்திலே தோன்றியது என்பர்.

1665 இல் ஒல்லாந்தர் திருகோணமலைக்கும் திரும்பி வந்தனர். இம்முறை கறுவாவுக்காக அன்று. மன்னன் மற்றொரு கூட்டாளியைக் கண்டுகொள்ளாமல் வாயிலை அடைப்பதற்காக. ஆயினும் அவன் கண்டுகொண்டான். 1672 இல் தெ லா ஹே என்பார் தலைமையிலே பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று கொட்டியாரக் குடாவினுள் வந்தது. மன்னன் மகிழ்ந்து அவர்களுக்கு அங்கே இடமளித்தான். ஆனால் பிரெஞ்சுத் தூதன் கண்டி அரண்மனை மரபுகளை மதியாது நடந்தமையால் விலங்கிடப்பட்டான். குடாவிலே உணவு குறைந்தது. ஒல்லாந்தக் கப்பல்கள் சூழ்ந்தன. தெ லா ஹே ஒரு சிறு காவலை விட்டுவிட்டுச் சோழமண்டலக் கரைக்குச் சென்றார். அக்காவலை ஒல்லாந்தர் எளிதிற் பிடித்தனர். முழங்கியதோடு சென்ற சிங்கத்துக்கு நிலம் இல்லை.

இராசசிங்கனைப் பேதை என்று எழுதுவோர் உளர். அது நேர்மையான தீர்ப்பு அன்று. கப்பலில்லாத அரசன் கப்பலுடையானோடு சேர்வதன்றி வேறு யாது செய்திருக்கக்கூடும்? கிர்க் காட்டு மெலிய ஆண் சிங்கத்தைப் போல, கிடைக்கும் சிறு பங்குக்காகக் கூட்டிலே இருத்தல் ஒருவழி. ஒரு கூட்டாளி மிஞ்சும்போது மற்றொருவனை அழைத்தல் இன்னொரு வழி. அவன் இரண்டையும் செய்துபார்த்தான். 1687 இல் அவன் இறக்கும் வரையில் மலைநாடு அவனுடையதாகவே இருந்தது. அவனுக்குப் பின் வந்தோர்க்கு அதுவும் அரிதாயிற்று. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தர்க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

அதன்பின் இத்துறைக்காக நடந்த போர்களிலே கண்டி மன்னன் வேடிக்கை பார்ப்பவனே ஆயினான். அமெரிக்க விடுதலைப் போர் வளர்ந்து 1780 இன் இறுதியில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயர்க்குப் பகைவராயினர். பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், மைசூர் ஐதரலி ஆகியோர் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம். 1782 ஜனவரியிலே சேர் எட்வேட் ஹியூஸ் என்னும் ஆங்கிலக் கடற்றளபதி திருகோணமலைக் கோட்டையையும், உட்துறை வாயிலைக் காத்த ஒஸ்தன்பேர்க்குக் கோட்டையையும் கைப்பற்றினார். உடனே சென்னையிலிருந்து ஹியூ பொயிட் என்னும் தூதர் கண்டிக்கு அனுப்பப்பட்டார். புதிதாக அரியணை ஏறிய இராசாதிராசசிங்கனின் அவை அவரை மரியாதையோடு வரவேற்று, ஒரு பழைய செய்தியை நினைவூட்டியது. 1762 இல் இவ்வாறே பைபஸ் என்னும் தூதர் வந்தார், இனிய சொற்கள் பேசினார், சென்றார், பின்னர் ஒல்லாந்தப் படை கண்டிக்குள் புகுந்தபோது ஆங்கிலேயர் எவரும் வரவில்லை. ஆகையால் இனிமேல் உடன்படிக்கை செய்வதாயின் கம்பனியோடு அன்று, இங்கிலாந்து மன்னனோடே செய்வோம் என்பது விடை. ஒன்றரை நூற்றாண்டுப் பட்டறிவு பேசிய விடை அது.

போதிய காவலின்றி விடப்பட்ட துறைமுகத்தை அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிலே பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் சில நாட்களில் பிடித்துக்கொண்டார். ஹியூஸ் கப்பல்களோடு வந்து சேர்ந்தது செப்டெம்பர் 2 ஆம் நாள். கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் துறைக்கு வெளியே பெரும்போர் நிகழ்ந்தது; சுப்ரேனின் தலைமைக் கப்பல் பாய்மரம் முறிந்து தத்தளித்தது. வெற்றி எவர்க்கும் தெளிவாக வாய்க்கவில்லை. துறைமுகம் மட்டும் பிரெஞ்சுக்காரர் கையிலே நின்றது. வாடைக்காற்று எழுமுன் ஹியூஸ் ஒதுங்கத் துறையின்றிப் பம்பாய்க்குச் செல்லவேண்டியவரானார். சமாதானத்தின்பின் பிரெஞ்சுக்காரர் திருகோணமலையைக் கூட்டாளிகளான ஒல்லாந்தர்க்கு மீட்டுக் கொடுத்தனர். இவ்வரலாற்றிலே அத்தகைய செயல் அரிது.

1795 இல் ஒல்லாந்து பிரெஞ்சுப் புரட்சிப் படைக்கு வீழ்ந்தது. இங்கிலாந்துக்கு ஓடிய ஒல்லாந்துத் தலைவர், குடியேற்ற நாட்டுக் கோட்டைகளிலே ஆங்கிலேயரை நண்பராய் ஏற்கும்படி கடிதம் எழுதினார். நண்பராய் வந்தவர் திருகோணமலையிலே பீரங்கி வைத்து முற்றுகையிட்டனர். ஓகஸ்ட் 26 இல் கோட்டை பணிந்தது. அந்த ஒக்டோபரிலும் மறு ஆண்டிலும் ஆங்கிலேயர் கண்டியோடு உடன்படிக்கை பேசினர். தன் மக்களுக்கு உப்பும் மீனும் தட்டின்றிக் கிடைக்கக் கரையிலே சில இடங்களை மன்னன் வேண்டினான், பேச்சு முற்றுப்பெறவில்லை. 1802 இல் அமியன்ஸ் உடன்படிக்கை கரையோரத்தை ஆங்கிலேயர்க்கு உறுதியாக்கியது. 1815 இல் கண்டியும் போயிற்று.

ஆங்கிலேயரின் காவல் சிங்கங்களின் கணக்குக்கு மிக நெடியது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலே கப்பற்படைக்கு எண்ணெய் சேமிக்கும் பெருந்தாங்கிகள் சீனன்குடாவிலே கட்டப்பட்டன. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே மூழ்கியது. 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மண்ணிலே மறைந்து கிடந்த கோணேசர் கோயில் திருவுருவங்கள் சில 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. 1963 இல் சுவாமி மலையிலே மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது.

1987 இல் இலங்கை இந்திய உடன்படிக்கையோடு கைமாறிய கடிதங்களிலே, இந்தியாவின் நலனுக்கு ஊறாகும் வகையில் எந்த நாட்டின் படைக்கும் திருகோணமலையைக் கொடுப்பதில்லை என்று எழுதப்பட்டது. அப்பழைய எண்ணெய்த் தாங்கிகளும் அக்கடிதங்களிலே இடம்பெற்றன. அவற்றைப் பங்கிடும் உடன்பாடு 2022 ஜனவரியிலேதான் முடிவாயிற்று. 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அக்கூட்டு நிறுவனத்திலே இலங்கையின் பங்கு நூற்றுக்கு 51, மற்றவர் பங்கு 49.