கொலைப்புதிர்ப் பெட்டி விளையாட்டுகளின் வரலாறு

கற்பனையாக அமைக்கப்பட்ட ஒரு கொலையைச் செய்தவர் யார் என்பதை, பெட்டிக்குள் தரப்படும் அட்டைகள், வரைபடங்கள், கடிதங்கள் முதலிய தடயங்களைக் கொண்டு வீட்டிலேயே கண்டறியும் விளையாட்டு கொலைப்புதிர்ப் பெட்டி விளையாட்டு எனப்படும். 1930-களில் இங்கிலாந்தில் உருப்பெற்ற இவ்வகை, 1949-இல் வெளியான குளூடோ என்னும் பலகை விளையாட்டின் வழியாக உலகெங்கும் பரவியது. இதன் வரலாறு பொழுதுபோக்கின் வரலாறாக மட்டும் இல்லை. ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கு அதன் புகழிலும் பொருளிலும் எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

பின்னணி

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பொற்காலம் எனப்படுகின்றன. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-இல் வெளிவந்தது. துப்பறியும் கதை எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டிய பத்து விதிகளை 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் வகுத்தார். துப்பறிவாளர் அறியும் தடயங்கள் யாவும் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவ்விதிகளுள் முக்கியமானது. அதாவது, கதை என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே நேர்மையாக நடக்கும் ஒரு போட்டியாகக் கருதப்பட்டது. போட்டி என்று ஆனபின் அது விளையாட்டாக மாறுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

அக்காலத்தில் வசதி படைத்தவர்களின் வீட்டு விருந்துகளில் 'கொலை' என்றொரு ஆட்டம் வழக்கத்தில் இருந்தது. சீட்டுக் குலுக்கி ஒருவரை இரகசியமாகக் கொலையாளியாகத் தெரிவு செய்வர். விளக்குகளை அணைத்த பின் அவர் ஒருவரைத் தொட, தொடப்பட்டவர் அலறி விழுவார். பிறகு துப்பறிவாளராக இருப்பவர் எல்லோரையும் விசாரிப்பார். கொலையாளி மட்டுமே பொய் சொல்லலாம் என்பது விதி. நியூசிலாந்து எழுத்தாளர் நயோ மார்ஷ் 1934-இல் வெளியிட்ட தம் முதல் நாவலை இந்த ஆட்டத்தை வைத்தே அமைத்தார்.

வழக்குக் கோப்புகள்

இந்த ஆட்டத்துக்குப் பெரிய வீடும் கூட்டமும் தேவைப்பட்டன. தனியொருவர் மேசையில் அமர்ந்து துப்பறிய வழிசெய்தவை டென்னிஸ் வீட்லி எழுதிய வழக்குக் கோப்புகள். அவற்றின் திட்டத்தை வகுத்தவர் அவருடைய நண்பர் ஜே. ஜி. லிங்க்ஸ். முதல் கோப்பு 1936-இல் வெளிவந்தது. மயாமி கடற்கரைக்கு அப்பால் ஒரு உல்லாசப் படகில் நிகழும் குற்றம் அதன் பொருள். அதில் வழக்கமான கதை வடிவம் இல்லை. தட்டச்சு செய்த காவல்துறை அறிக்கைகள், கையெழுத்துக் கடிதங்கள், புகைப்படங்கள், இரத்தக்கறை படிந்ததாகக் காட்டப்பட்ட திரைச்சீலைத் துண்டு, தலைமுடி, தீக்குச்சி ஆகியவை ஒரு கோப்பில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. விடை இருந்த இறுதிப் பக்கங்கள் ஒட்டி மூடப்பட்டிருந்தன. தாமே முடிவுக்கு வந்த பிறகே வாசகர் அவற்றைப் பிரிக்க வேண்டும். 1939 வரை இவ்வாறு நான்கு கோப்புகள் வெளியாயின. இன்று கடைகளில் விற்கும் வழக்குப் பெட்டிகளுக்கு இவையே முன்னோடி.

போர்க்காலத்தில் பிறந்த விளையாட்டு

குளூடோவைக் கண்டுபிடித்த ஆந்தனி பிராட் 1903-இல் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். தொழிலால் பியானோக் கலைஞர். விடுதிகளில் வாசித்தபோது, விருந்தினர் நடத்திய கொலைப்புதிர் ஆட்டங்களை அவர் நேரில் கண்டார். போர் தொடங்கியதும் இசை வேலை குறைந்து, பர்மிங்காமில் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்றார். வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி நாடு முழுவதும் இரவில் விளக்குகள் மறைக்கப்பட்டன. நண்பர்கள் கூடும் மாலைகள் நின்றுபோயின. விருந்து வீட்டையே ஒரு பலகைக்குள் அடக்கி, வீட்டிலிருக்கும் சிலரே ஆடக்கூடிய விளையாட்டை அவர் இந்தச் சூழலில்தான் வகுத்தார். பலகையின் படத்தை அவர் மனைவி எல்வா வரைந்தார்.

1944 டிசம்பர் 1 அன்று பிராட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-இல் அது வழங்கப்பட்டது. அவருடைய முதல் வடிவில் பத்துப் பாத்திரங்கள் இருந்தனர். அவர்களுள் யார் இறந்தவர் என்பதும் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டெடுத்தே முடிவாகும். கோடரி, வெடிகுண்டு, ஊசிமருந்துக் குழல், நஞ்சு ஆகியவையும் ஆயுதங்களாக இருந்தன. பின்னர் இவை சுருக்கப்பட்டு ஆறு பாத்திரங்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள் என்ற அமைப்பு நிலைபெற்றது.

பிராட்டின் நண்பர் ஜெப்ரி புல் ஏற்கெனவே ஒரு பலகை விளையாட்டை லீட்ஸ் நகரின் வாடிங்டன்ஸ் நிறுவனத்துக்கு அளித்திருந்தார். அவர் மூலம் பிராட் தம்பதியர் அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நார்மன் வாட்சனைச் சந்தித்தனர். விளையாட்டு உடனே ஏற்கப்பட்டது. எனினும் போருக்குப் பிந்தைய மூலப்பொருள் தட்டுப்பாட்டால் வெளியீடு 1949 வரை தள்ளிப்போனது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 'குளூ' என்ற பெயரில் வெளியிட்டது.

பெயரில் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. தடயம் என்று பொருள்படும் 'குளூ' என்ற ஆங்கிலச் சொல்லும் 'லூடோ' என்ற விளையாட்டின் பெயரும் இணைந்து 'குளூடோ' ஆயிற்று. லூடோ, இந்தியாவின் பச்சீசி ஆட்டத்தைத் தழுவி இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. பச்சீசி, தமிழ்நாட்டு வீடுகளில் ஆடப்படும் தாயத்துக்கு உறவான ஆட்டம். அமெரிக்கர்களுக்கு லூடோ என்ற பெயர் பழக்கமில்லாததால் அங்கே அச்சொல் விடுபட்டது.

ஆடும் முறையும் தருக்கமும்

மொத்தம் 21 அட்டைகள். ஒரு பாத்திரம், ஓர் ஆயுதம், ஓர் அறை என மூன்று அட்டைகளை எவரும் பாராமல் எடுத்து உறையில் இடுவர். எஞ்சிய 18 அட்டைகள் ஆடுவோருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். உறையில் இருக்கக்கூடிய சேர்க்கைகள் 6 × 6 × 9 = 324.

தம் முறை வரும்போது ஓர் அறைக்குள் சென்றவர், 'இந்த அறையில், இன்னார், இந்த ஆயுதத்தால்' என்று ஓர் ஊகத்தைக் கூறுவார். அடுத்திருப்பவரிடம் அம்மூன்றில் ஏதேனும் இருந்தால், ஓர் அட்டையை அவருக்கு மட்டும் இரகசியமாகக் காட்ட வேண்டும். காட்டப்பட்ட அட்டை உறையில் இல்லை என்பது அவருக்கு உறுதியாகிவிடும்.

மற்றவர்களுக்கும் இதிலிருந்து செய்தி கிடைக்கிறது. ஒருவர் நூலகம், கயிறு, பேராசிரியர் பிளம் என்று கேட்கிறார். மற்றொருவர் ஓர் அட்டையைக் காட்டுகிறார் எனக் கொள்வோம். நூலகமும் கயிறும் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர் கையில் இருந்தால், காட்டப்பட்டது பிளம் அட்டைதான் என்று அவர் அதைப் பாராமலே அறியலாம். எவரும் காட்டாமல் விட்டதும் ஒரு தடயமே. நீக்கல் முறையில் உண்மையை நெருங்கும் இந்தப் பயிற்சியே விளையாட்டின் உயிர். பகடை, அறைகளுக்கு இடையிலான நடையை மட்டுமே தீர்மானிக்கிறது.

கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது

1953-இல் பிராட் வெளிநாட்டு உரிமைகள் அனைத்தையும் 5,000 பவுண்டுக்கு விற்றார். அன்றைய நிலையில் அது பெருந்தொகை. ஆனால் விளையாட்டு பெருமளவில் பரவியது இங்கிலாந்துக்கு வெளியேதான். அந்த விற்பனையில் அவருக்குப் பங்கில்லாமல் போனது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் உள்நாட்டு உரிமைத் தொகையும் நின்றது. பெட்டிகள் உலகின் பல மொழிகளில் விற்றன. 1985-இல் அமெரிக்காவில் திரைப்படமும் வந்தது. கண்டுபிடித்தவரின் பெயர் ஆடுவோருக்குத் தெரியாது.

1996-இல் வாடிங்டன்ஸ் நிறுவனத்தார், 15 கோடிப் பெட்டிகள் விற்றதைக் கொண்டாட விரும்பி, பிராட்டைப் பற்றித் தகவல் தருமாறு பொதுமக்களை வேண்டினர். கோடிக்கணக்கான வீடுகளில் மர்மத்தை வைத்தவரின் இருப்பிடம் அவரைப் பதிப்பித்தவர்களுக்கே மர்மமாக இருந்தது. விடை பிராம்ஸ்குரோவ் நகரின் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1994-இலேயே அவர் இறந்திருந்தார். குளூடோவைக் கண்டுபிடித்தவர் என்று அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. விளையாட்டுப் பெட்டியில் இல்லாத பெயரைக் குடும்பத்தார் கல்லில் எழுதி வைத்திருந்தனர்.

குளூடோவுக்குப் பின்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஷெர்லாக் ஹோம்ஸை மையமாகக் கொண்ட ஒரு பெட்டி வெளிவந்தது. அதில் பகடை இல்லை. லண்டன் வரைபடம், முகவரிக் கையேடு, நாளிதழ்கள், வழக்கு நூல் ஆகியவை இருந்தன. யாரைச் சந்திப்பது என்று ஆடுவோர் கலந்து பேசி முடிவு செய்வர். இறுதியில் ஹோம்ஸ் எத்தனை சந்திப்புகளில் உண்மையைக் கண்டார் என்பதோடு தம் எண்ணிக்கையை ஒப்பிடுவர். இதன் ஜெர்மன் பதிப்பு 1985-இல் அந்நாட்டின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது. எதிரெதிராக ஆடுவதை விட்டு, ஒரே அணியாக ஆடும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது.

2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய 'தப்பிக்கும் அறை' ஆட்டங்கள் அடுத்த திருப்பம். அவற்றை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்த தொடர்களுள் ஒன்று, 2016-இல் ஜெர்மனியின் காஸ்மோஸ் பதிப்பகம் வெளியிட்ட 'எக்ஸிட்'. இதன் அட்டைகளை வெட்டியும் மடித்தும் எழுதியும் விடை காண்பதால் ஒருமுறைதான் ஆட முடியும். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கொலையைக் கொண்ட பெட்டியும் இத்தொடரில் உண்டு. விடை தெரிந்தபின் பயனற்றுப்போவது 1936-இன் வழக்குக் கோப்புக்கும் இதற்கும் பொதுவான இயல்பு. குளூடோவோ அட்டைகளைக் கலைத்தால் மீண்டும் புதிதாகிவிடும்.

இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. 1988-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது ஜெர்மன் விளையாட்டு ஆசிரியர்கள் 13 பேர், பெட்டியின் மேல் தம் பெயரை அச்சிடாத நிறுவனத்துக்கு விளையாட்டுத் தருவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டனர். அவர்கள் எழுதியது ஒரு பீர்க் கோப்பையின் அடியில் வைக்கும் அட்டையில். நூலுக்கு ஆசிரியர் பெயர் இருப்பதுபோல விளையாட்டுக்கும் இருக்க வேண்டும் என்ற வழக்கம் அதன்பின் பரவியது. 'எக்ஸிட்' பெட்டிகளை வடிவமைத்த இன்கா பிராண்ட், மார்கஸ் பிராண்ட் ஆகியோரும் பிராட் தம்பதியரைப் போலவே கணவன் மனைவியர். அவர்கள் பெயர் பெட்டியின் மேலேயே அச்சாகிறது.