கோஸ் தீவின் தேறல்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துங்கால், யவனர் தந்த நறுந்தேறலை அவன் நாள்தோறும் உண்டு மகிழ்க என்கிறார். அங்கு வரும் ‘நன்கலம்’ என்பதைக் கப்பல் எனக் கொள்வார் உளர். பழைய உரைகாரர் குப்பி என்றார். கலம் என்னும் சொல் இரண்டிற்கும் இடந்தருவது. தேறல் எங்கு விளைந்ததெனப் பாடல் கூறவில்லை. வகுப்பறையில் நாம் ‘கிரேக்க மது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது அத்துணை எளிதன்று.

ஏஜியன் கடலில், சின்ன ஆசியக் கரையை அடுத்துள்ள சிறு தீவு கோஸ். மருத்துவர் இப்போகிரேட்டஸ் பிறந்த மண். தீவின் திராட்சையில் வடித்த மதுவுடன் கடல்நீர் கலப்பதே அதன் தனி இயல்பு. அடிமை ஒருவன் களவாடிய மதுவின் அளவை நிரப்பக் கடல்நீர் ஊற்றியதால் வழக்கம் பிறந்ததென்று பிளினி எழுதுகிறார். கதையாகவே இருக்கலாம், சுவையான கதை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ, தம் வேளாண் நூலில் கோஸ் மது செய்யும் முறையைத் தருகிறார். அறுவடைக்கு 70 நாள் முன்பே, காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் கலவாத ஆழ்கடலில் நீர் முகந்து வைத்துத் தெளியவிட வேண்டும். நன்கு பழுத்த கனிகளை இரண்டு மூன்று நாள் வெயிலில் இட வேண்டும். இவையனைத்தும் இத்தாலிய உழவனுக்குக் கூறப்பட்டவை என்பதே நாம் கருதத்தக்கது. தீவும் இல்லை, தீவின் கொடியும் இல்லை. பெயர் மட்டும் கோஸ். நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ஆனால் இங்கு ஆகுபெயர் தன் இடத்தையே கைவிட்டு, செய்முறையின் பெயராகிவிட்டது.

மதுவைப் பின்பற்றியோர் சாடியையும் பின்பற்றினர். இரண்டு உருளைகளை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைப் பிடி கோஸ் சாடியின் அடையாளம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் பின்னரும் ஆம்போரா ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் இரட்டைப் பிடியுடையனவும் உள. எலிசபெத் லைடிங் வில் அவற்றை ஆராய்ந்து, கோஸ் சாடிகளையும் அவற்றின் போலிகளையும் பிரித்துக் காட்டினார். வடிவம் ஒன்றாயினும் மண் வேறு: இத்தாலியின் கம்பானியாவில் வனைந்த சாடிகளில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும். அரிக்கமேட்டில் அத்தகைய ஓடுகளும் உள.

ஆகவே பிடியை மட்டும் கண்டு ‘தீவின் மது’ எனல் பொருந்தாது. உடைந்த விளிம்பில் மண்ணையும் பார்த்தல் வேண்டும். நன்கலம் என்பதற்குக் கொள்கலம் என்ற பொருளே நமக்கு ஏற்புடையது. எனினும் இருவர் தூக்கும் சாடியைக் குப்பி என்றல் சற்றே நெருடுகிறது.