ரொட்டின்னு பேர் வச்ச கீரை

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால மக்களே, ஒரு கீரைக் கதை.

வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, வேலியோரத் துத்தி எல்லாம் ஒரே குடும்பம், மால்வேசி. (இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இது தெரியவே இத்தனை வருஷம் ஆயிருக்கு :-)) அதே குடும்பத்துல மால்வான்னு ஒரு களை. ஜெருசலேம் பக்கம் குளிர்கால மழைக்கு அப்புறம் ரோட்டோரம், காலிமனை எல்லாம் தானா மண்டிக்கிடக்கும். அரபியில் குபேஸா. தட்டையான வட்டக் காய் குட்டி ரொட்டி மாதிரி இருக்கும், அதான் இந்தப் பேர். வளைகுடா நண்பர்கள் தினம் பிய்த்துத் தின்னும் குபூஸும் இதே சொல்தான்.

பாலஸ்தீனக் கிராமங்களில் வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, இலையை நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுவாங்க. வெண்டைக்காய் போலவே கொஞ்சம் வழவழப்பு.

1948 வசந்தத்தில் டெல் அவிவிலிருந்து ஜெருசலேம் போகும் மலைப்பாதையை அரபுப் படைகள் அடைச்சுட்டாங்க. உள்ளே சுமார் 1 லட்சம் யூதர்கள். மாவு, தண்ணி எல்லாமே ரேஷன். பங்கீட்டுப் பொறுப்பு டோவ் ஜோசப் என்ற வக்கீலிடம். அதுவரை களைன்னு பிடுங்கி எறிஞ்சவங்க பையைத் தூக்கிக்கிட்டு வயல்வெளிக்குப் போனாங்க. இலையை நறுக்கி, இருக்கிற மாவைக் கலந்து வடை மாதிரி தட்டினாங்க. ரேடியோவில் சமையல் குறிப்பே சொன்னாங்களாம். ஜூனில் மாற்றுப்பாதை திறந்தது, போர் நிறுத்தமும் வந்தது. அந்த நினைவுல இன்னும் சில இஸ்ரேலியக் குடும்பங்கள் சுதந்திர தினத்துக்கு இதைச் சமைக்கிறாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க பல பேர் இதோட நிறுத்திடுறாங்க. எனக்கு அது உறுத்துது. அதே வசந்தத்துல, அதே ஊர்ல, கட்டமோன் போன்ற பகுதிகளின் அரபுக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டி சாவியோட கிளம்பினாங்க. திரும்பி வர முடியலை. மொத்தப் போரில் வீடிழந்த பாலஸ்தீனர்கள் சுமார் 7 லட்சம். ஹீப்ருவில் இந்தச் செடிக்கு ஹெல்மித்னு தனிப் பேரே இருக்கு. ஆனா முற்றுகைக் கதையில் எல்லார் வாயிலும் வர்றது குபேஸாதான், அந்த அக்கம்பக்கத்து வீட்டுப் பேர்.

2024 ஆரம்பத்துல வடக்கு காஸாவில் மாவு கிடைக்காம, மக்கள் இடிபாடுகளுக்கு நடுவே இதே கீரையைப் பறிச்சு வெறும் தண்ணியில வேகவச்சுத் தின்னாங்க. குழந்தைங்களையும் பறிக்க அனுப்பினாங்க.

வெயில் ஏறினா குபேஸா காஞ்சுடும். அப்புறம் அடுத்த மழைக்குத்தான்.