சாளரமும் அளவுத்திட்டமும்: கணிதச் செயல்திட்டத்தில் திரைப்பிடிப்பு எதற்குச் சான்று?

கணிதச் செயல்திட்டங்களில் ஒட்டப்படும் வரைபடக் கணிப்பானின் திரைப்பிடிப்புகளைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. அவை வெறும் அலங்காரம். மாணவர் போட்ட கணக்கு வேறு, கருவி வரைந்த படம் வேறு. ஆகவே படத்துக்கு மதிப்பெண் தேவையில்லை. இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. படம் வந்துவிட்டால் விடை சரிபார்க்கப்பட்டுவிட்டது என்பது அவர்கள் கட்சி. இவ்விரு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன என்று கருதுகிறேன். படத்தைக் கருவியின் கூற்றாக இருவரும் கொள்கிறார்கள். அது மாணவரின் கூற்று.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மேல்நிலை முதலாமாண்டில் எல்லையும் தொடர்ச்சியும் நடத்துபவர்களுக்குப் பழக்கமான சார்பு அது: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 ஐக் கழித்து, வந்ததை அவ்வெண்ணைவிட 1 குறைந்த எண்ணால் வகுப்பது. 1 என்ற இடத்தில் இதற்கு மதிப்பில்லை. மற்ற எல்லா இடங்களிலும் இது ஒரு நேர்கோடு. டிஐ-83 கணிப்பானின் இயல்புச் சாளரத்தில், அதாவது இரு அச்சுகளிலும் −10 முதல் 10 வரை, இதை வரைந்தால் முறிவே இல்லாத கோடு கிடைக்கிறது. கருவி பொய் சொல்லும் என்று வாதிடும் தரப்பு இத்தகைய படங்களைத்தான் சாட்சிக்கு அழைக்கும். தொடர்ச்சியில்லாத சார்பைப் படம் தொடர்ச்சியாகக் காட்டுகிறது, ஆகவே படத்தை நம்பாதே என்பது அதன் தீர்ப்பு.

இத்தீர்ப்பு அவசரத்தில் எழுதப்பட்டது. அத்திரையின் அகலம் 96 புள்ளிகள். வரைபடத்துக்குப் பயன்படுபவை 95 நிரல்கள். கருவிக்குக் கோடு என்று ஒன்று தெரியாது. நிரலுக்கு ஒன்றாக 95 எண்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சார்பின் மதிப்பைக் கணித்து, அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கிறது, அவ்வளவுதான். 20 அலகு நீளத்தை 94 இடைவெளிகளாகப் பகுத்தால் ஒரு தாவல் ஏறத்தாழ 0.213. இந்த நடையில் 1 க்கு இருபுறமும் விழும் எண்கள் 0.851, 1.064. இடையிலுள்ள 1 ஐப் பற்றிக் கருவியிடம் யாரும் கேட்கவே இல்லை. இப்போது கிடையச்சை −4.7 முதல் 4.7 வரை என்று மாற்றிப் பார்க்கலாம். 9.4 ஐ 94 ஆல் வகுத்தால் தாவல் சரியாக 0.1. ஒரு நிரல் 1 இன் மீதே வந்து நிற்கிறது. அங்கே மதிப்பு கிடைக்காததால் கோட்டில் ஒரு புள்ளியளவு இடைவெளி விழுகிறது.

சார்பும் கருவியும் மாறவில்லை. சாளரம் மட்டுமே மாறியது. அதைத் தேர்ந்தவர் மாணவர், அல்லது தேர்வு செய்யாமல் இயல்பு அமைப்புக்கு விட்டவர். இரண்டுமே அவர் செயல்தான். இவ்விரு படங்களையும் அருகருகே ஒட்டி, 94 ஆல் வகுத்த கணக்கைக் கீழே எழுதிய மாணவர் புள்ளித் தொடர்ச்சியின்மை என்பதன் உட்பொருளைத் தொட்டுவிட்டார். அதற்கு முழு மதிப்பெண்ணும் தரலாம் என்பேன். இரண்டாவது படம் மட்டுமே சரி, முதற்படம் தவறு என்று எழுதியவருக்கு அவ்வளவு தாராளம் தேவையில்லை.

கையால் வரைவதே மாணவரின் உண்மையான உழைப்பு என்பார் இங்கே பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வைச் சுட்டக்கூடும். அங்கே 8 மதிப்பெண் வரைபட வினாவுக்குக் கால்குலேட்டர் கிடையாது. பரவளையம் கேட்டால் −4 முதல் 4 வரை அட்டவணை போட்டு, ஒன்பது புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து, வளைவாக இணைக்கிறார்கள். ஒன்பதுக்கு இடையிலுள்ளது எல்லாம் ஊகம். கருவி 95 இடங்களில் விசாரித்துவிட்டு இணைக்கிறது. பிள்ளைகள் ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தாளில் கருவியிடம் இல்லாத ஒரு நேர்மை இருக்கிறது. வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதியாக வேண்டும்: கிடையச்சில் 1 செ.மீ. எத்தனை அலகு, நிலையச்சில் எத்தனை. எந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாணவர் விடை சொல்கிறார். திரைப்பிடிப்பை ஒட்டுபவரிடம் மட்டும் நாம் இதைக் கேட்பதில்லை.

கேட்காததன் விளைவு தாமிரபரணிக் கரையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாபநாசம் அணையின் நீர்மட்டம், உச்ச அளவு 143 அடி, நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் வருவது. மணிமுத்தாறுக்கு 118 அடி. புள்ளியியல் செயல்திட்டத்துக்கு இதைவிடக் கைக்கெட்டிய தரவு இவ்வட்டாரத்தில் வேறில்லை. ஒரு மாத நீர்மட்டத்தைக் கணிப்பானில் ஏற்றி, தரவுக்கேற்பச் சாளரத்தைத் தானே அமைக்கும் கட்டளையைக் கொடுத்தால், புள்ளிகள் திரை முழுவதும் பரவும்படி அது அச்சுகளை இழுத்துக்கொள்கிறது. மட்டம் 2 அடி ஏறிய மாதமும் 40 அடி ஏறிய மாதமும் ஒரே உயரத்துக்கு ஏறித் தெரியும். டிஐ-83 வரைபடத்தின் அச்சுகளில் எண்களும் இல்லை. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழையை, நேரில் கண்ட வட்டாரத்தில் இப்படியொரு படத்தை விளக்கமின்றி ஒட்டுவது விளையாட்டல்ல. இங்கும் குற்றம் படத்தினுடையதன்று. சாளரத்தை எழுதாமல் விட்டதே குற்றம்.

திரைப்பிடிப்பை எளிதில் நகலெடுக்கலாம் என்ற ஆட்சேபம் பெரிதாகப் பேசப்படுகிறது. வீட்டுக் கணக்கையும் நகலெடுக்கலாம். நோட்டுப் புத்தகத்தை யாரும் தடை செய்யவில்லை. சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ படிக்கும் பிள்ளைக்கு வரைபடக் கணிப்பான் வாங்க வழியேது என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி விலையில்லாமல் கைப்பேசியில் இயங்குகிறது. மாநிலப் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பகுதிகளில் அதன் திரைப்பிடிப்புகளே அச்சாகியிருக்கின்றன. பாடநூல் ஒட்டலாம், மாணவர் ஒட்டக்கூடாது என்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் என் வாதத்தை இறுக்க வேண்டியிருக்கிறது. சாளரத்தை எழுதிவிட்டால் போதுமா? போதாத நேரங்கள் உண்டு. கிடையச்சை 0 முதல் 360 பாகை வரை வைத்து, டிஐ-83 இல் ஒரு கோணத்தின் சைனையும் அதே கோணத்தின் 95 மடங்கின் சைனையும் தனித்தனியே வரைந்தால் இரண்டு படங்களையும் வேறுபடுத்த முடியாது. ஒவ்வொரு நிரலிலும் 94 மடங்கு கோணம் முழுச் சுற்றுகளாகக் கழிந்துபோக, மிஞ்சுவது ஒரு மடங்கு மட்டும். 94 மடங்கின் சைனோ கிடையச்சோடு ஒட்டிப் படுத்துவிடும். சாளரத்தை எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும் நிரல்களின் எண்ணிக்கை தெரியாத வாசகர் இங்கே ஏமாறுவார். ஆகவே படத்தின் கீழ்ச் சாளரத்தோடு கருவியின் பெயரும் மாதிரியும் இடம்பெற வேண்டும். டிஐ-84 பிளஸ் சிஇ இல் வரைபடத்துக்கு 265 நிரல்கள். அங்கே 95 மடங்கின் சைன் இந்த வேடம் போட முடியாது. அதை ஏமாற்ற 265 மடங்கு வேண்டும்.